ஒரு தடவைக்கு ஆறு பிஸ்கட்

அப்பா பிஸ்கட் செய்தவர். பாதி வாழ்க்கை வேறொருவர் பேக்கரியில், மீதி வாழ்க்கை வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகளில். முன்னறையில் மேசை, தராசு, பாக்கெட்டின் வாயைச் சூடு வைத்து ஒட்டும் இயந்திரம். பின்னறையில் அடுப்பு. பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. வெயில் காலத்தில் பனியனைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டு வேலை செய்வார்.

தனித்தொழில் ஆசைப்பட்டு ஆரம்பித்தது அல்ல. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்தது. டாக்டர் பிஸ்கட்டை நிறுத்தச் சொன்னார். டீயும் பிஸ்கட்டும் இல்லாமல் அம்மாவுக்குப் பொழுது விடியாது. நிறுத்திய வாரம் முழுக்க வீட்டில் யாரோடும் பேச்சில்லை. சுவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஊருக்கெல்லாம் பிஸ்கட் சுடற மனுஷன். பொண்டாட்டிக்கு வெறும் டீ."

அப்பா வேலை முடிந்து வந்து சமையலறையில் முயற்சி செய்யத் தொடங்கினார். கோதுமை, ஓட்ஸ், பாதாம் தூள். சர்க்கரைக்குப் பதில் பேரீச்சம்பழப் பாகு. முதலில் வந்தவை கல். அம்மா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "பத்திரமா எடுத்து வைங்க, வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்கு ஆகும்" என்றாள். சில மாதம் இப்படியே போனது. ஒருநாள் எதுவும் சொல்லாமல் இன்னொன்றை எடுத்தாள். அந்த மாதமே அப்பா பேக்கரி வேலையை விட்டார்.

பச்சைப் பாக்கெட். முகப்பில் பெரிய எழுத்தில் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை'. ஆஸ்பத்திரி எதிரில் இருந்த மருந்துக்கடையில்தான் அதிகம் விற்றது. அப்பாவின் தங்கை, என் அத்தை, பாக்கெட் போட வந்து சேர்ந்தாள். நான் எஞ்சினியரிங் படித்து முடித்து, வேறு ஊரில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு வேலைக்குப் போனேன்.

அம்மா தினமும் மூன்று வேளை டீயோடு அந்தப் பிஸ்கட்டைத்தான் சாப்பிட்டாள். பல வருடம். பிறகு சிறுநீரகம் பழுதாகி இறந்தாள். துக்கத்துக்கு வந்த மாமா, அம்மாவின் தம்பி, செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்: "சுகர்காரிக்கு வேளாவேளைக்குப் பிஸ்கட் ஊட்டினா கிட்னி என்னத்துக்கு ஆகும்?"

மாமா படியிறங்கிப் போய்விட்டார். அந்த வாக்கியம் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அடுத்த வருடம் புதிய விதி வந்தது. பாக்கெட்டின் பின்பக்கத்தில் ஊட்டச்சத்து அட்டவணை என்று ஒரு கட்டம் இருக்கும். முன்பு சின்னத் தயாரிப்பாளர்களை யாரும் கேட்கவில்லை. அப்பாவின் கட்டத்தில் இருந்த எண்கள் வேறொரு கம்பெனி பிஸ்கட்டைப் பார்த்து எழுதியவை. இனி அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்த எண்கள்தான் போட வேண்டும். சேர்த்த சர்க்கரையைத் தனி வரியில் காட்ட வேண்டும். ஒருவர் ஒரு தடவை சாப்பிடும் அளவுக்கு எவ்வளவு என்றும் எழுத வேண்டும். வரம்பு தாண்டினால் முகப்பில் சிவப்பு முத்திரை.

நோட்டீஸ் கொண்டுவந்த உணவு ஆய்வாளர் நல்ல மனிதர். நாற்காலியில் மாவு இருந்ததால் நின்றுகொண்டே விளக்கினார். அத்தை எரிச்சலாகிவிட்டாள்.

"சார், தின்றவங்க யாராவது பின்னாடி திருப்பிப் படிக்கறாங்களா? பல்லி எறும்பு இல்லாம இருந்தா போதாதா?"

"பல்லிக்கு வேற விதி இருக்கும்மா. இது வேற."

அப்பா மட்டும் சந்தோஷப்பட்டார். அன்று மாலை எனக்குப் போன் செய்தார்.

"நல்லதாப் போச்சு பாப்பா. லேப்ல எழுதிக் குடுக்கட்டும், இதுல சர்க்கரை இல்லைன்னு. உன் மாமாவுக்கு ஒரு பாக்கெட் பார்சல்ல அனுப்பறேன். பக்கத்துல ரிப்போர்ட்டும் வச்சு."

விதிக்காக அல்ல, மாமாவுக்காகக்கூட அல்ல. அம்மாவுக்குத் தான் கொடுத்தது சரியானதுதானா என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அவர் அப்படிச் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது.

மாதிரி எடுப்பது எப்படி என்று போனிலேயே சொன்னேன். வெவ்வேறு நாள் சுட்டதிலிருந்து, கைக்கு வந்த பாக்கெட்டை எடுங்கள், பொறுக்காதீர்கள். "சரி, சரி" என்றார்.

அறிக்கை வந்தது. சேர்த்த சர்க்கரை, நூறு கிராமுக்கு இருபத்தேழு கிராம்.

நான் விடுப்பு எடுத்து வந்தேன். அப்பா முன்னறையில் உட்கார்ந்திருந்தார். அறிக்கை மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது.

"எந்த பாக்கெட்டை அனுப்பினீங்க?"

அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை கூரையைப் பார்த்தாள்.

"தனியா சுட்டோம்" என்றார் அப்பா.

"தனியான்னா?"

"பெரிய இடத்துக்குப் போகுது. நாலு பேர் வாயில வச்சுப் பாப்பாங்க. சப்புன்னு இருந்தா நல்லாவா இருக்கும்? பாகு கொஞ்சம் தாராளமா விட்டேன்."

"அங்க யாரும் தின்ன மாட்டாங்கப்பா. அரைச்சுக் கரைச்சு மிஷின்ல விடுவாங்க."

"தின்னவே மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் அத்தை. "பொண்ணு பாக்க வர்றாங்கன்னு நெனச்சியா அண்ணா?" என் பக்கம் திரும்பினாள். "பாதாம் வேற மேல ஒட்டினாரு, எஞ்சினியரம்மா. பூ வச்ச மாதிரி."

நான் சிரித்துவிட்டேன். அப்பாவும் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தப்பு மாதிரியில், பிஸ்கட்டில் இல்லை என்று எடுத்துக்கொண்டோம். அந்த நிம்மதியில் மதியம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

இந்த முறை நானே எடுத்தேன். மருந்துக்கடையில் இருந்து, முன்னறையில் இருந்து, வெவ்வேறு தேதி. எடுத்து, கட்டி, முத்திரை வைத்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். காத்திருந்த நாட்களில் அட்டவணையின் மற்ற வரிகளை நிரப்பினோம். 'ஒரு தடவை உண்ணும் அளவு' என்ற இடத்தில் தகராறு வந்தது.

"ரெண்டு பிஸ்கட்னு போடுவோம்" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. எண் சின்னதாத் தெரியும்."

"யாரு ரெண்டோட நிறுத்தறா?"

"விதியில இவ்வளவுதான்னு இல்லப்பா. நியாயமான அளவுன்னு இருக்கு."

"அப்ப நியாயமாப் போடு. ஆறு."

"ஆறு எங்கிருந்து வந்துச்சு?"

"உங்கம்மா ஆறுதான் சாப்பிடுவா. நாலு நனைச்சு, ரெண்டு சும்மா. எனக்குத் தெரிஞ்சு பிஸ்கட் சாப்பிட்டவ அவ ஒருத்திதான். மத்தவங்க வாங்கினாங்க, சாப்பிட்டதை நான் பாக்கலை."

ஆறு என்றே எழுதினேன். ஒரு பிஸ்கட் பத்து கிராம். ஆறு, அறுபது கிராம்.

இரண்டாவது அறிக்கை என் மின்னஞ்சலுக்கு வந்தது. இருபத்திரண்டு. குறைந்திருந்தது, ஆனால் போதவில்லை. வரம்புக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆய்வகத்துக்குப் போன் செய்து, நாங்கள் சர்க்கரையே போடுவதில்லை, பேரீச்சம்பழப் பாகுதான் என்றேன். பேசிய பெண் பொறுமையாகச் சொன்னாள். பழமாகச் சேர்த்தால் வேறு. வடிகட்டிப் பாகாகக் காய்ச்சிவிட்டால் அதுவும் சேர்த்த சர்க்கரைதான். புதிய விதியில் அது தெளிவாக இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் உடம்புக்குள் போன பிறகு பெரிய வித்தியாசம் இல்லை. அவள் சொன்னது சரி. எனக்கே தெரிந்திருக்கும், யாராவது கேட்டிருந்தால். முதல் அறிக்கை வந்த பிறகும், பாகில் என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. பழம்தானே என்று இருந்துவிட்டோம்.

அட்டவணையை நிரப்பி அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். மறைக்க முடியாது; அவர் பெயரில்தான் உரிமம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நூறு கிராம் பத்தியைத் தாண்டி, அடுத்த பத்திக்குப் போனார். ஒரு தடவை உண்ணும் அளவு: ஆறு பிஸ்கட். சேர்த்த சர்க்கரை: 13 கிராம்.

"பதிமூணு கிராம்னா எத்தனை ஸ்பூன்?"

"மூணு. கொஞ்சம் கூட."

"டீக்கு மூணு ஸ்பூன்."

"ஆமா."

"மூணு வேளை."

பெருக்கலை நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் கணக்கில் புலி, எடைபோட்டே வாழ்ந்தவர்.

அத்தை விடவில்லை. "இதுல என்ன இருக்கு அண்ணா? முகப்புல இருக்கற வார்த்தையை எடுத்துடுவோம். சிவப்பு முத்திரை குத்துவோம். முத்திரை குத்தின சாக்லேட் எல்லாம் கடையில பறக்குது. சிவப்பைப் பாத்தாத்தான் ருசியா இருக்கும்னு வாங்கறாங்களாம்."

மருந்துக்கடைக்காரர்கூட அதையே சொன்னார். உறையை மாற்றிக் கொண்டுவாருங்கள், விற்றுத் தருகிறேன் என்றார். அப்பா தலையாட்டினார். புது உறை அச்சடிக்கக் கொடுத்தார். வந்த உறைகளை எடுத்து அலமாரியில் அடுக்கினார். அடுப்பை மூட்டவில்லை. நாளைக்கு என்பார். மாவில் பூச்சி விழுந்தது. அத்தை சலித்துக் கொட்டிவிட்டு வேறு மூட்டை வாங்கினாள். அதிலும் விழுந்தது. பிறகு ஒருநாள் அத்தை சாவியைக் கொண்டுவந்து வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அப்பா வீட்டில் உட்கார்ந்தார். டீ குடிப்பதை நிறுத்தினார். யாராவது கொடுத்தால் வாங்கி, ஆறவைத்து, அப்படியே வைத்துவிடுவார். அவருக்குச் சர்க்கரை நோய் இல்லை. எந்த நோயும் இல்லாமல்தான் இளைத்தார். இதயம் பலவீனம் என்று பின்னால் சொன்னார்கள்.

நான் வரும்போதெல்லாம் கேட்பார். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி. "மருந்தை ஒழுங்காத்தான் போட்டா, இல்ல?" "அவ அம்மாவுக்கும் கிட்னிதானே?" "பிஸ்கட் இல்லைன்னா வேற ஏதாவது தின்னிருப்பா, என்ன?" எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். எல்லாம் உண்மையும்கூட. அவர் கேட்க நினைத்தது அவற்றில் எதுவும் இல்லை.

கடைசியாகச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில், மதியம், பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிய பிறகு, நேராகக் கேட்டார்.

"நீ படிச்சவ. அளந்து பாக்கறதுதான் உன் வேலை. சொல்லு. அவளை நான்தான் கொன்னேனா?"

"இல்லப்பா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தபடி இருந்தார். கோபம் இல்லை.

"சின்ன வயசுல இருந்தே நீ எதைக் கேட்டாலும் யோசிச்சுத்தான் பதில் சொல்லுவ, பாப்பா. இப்ப மட்டும் டக்குன்னு வந்துடுச்சு."

உண்மையான பதில் என்னிடம் இருந்தது. தெரியாது என்பதுதான் அது. மரபு, மருந்து, வயது, பிஸ்கட் நான்கையும் பிரித்து அளக்க வழி இல்லை. பங்கு இருந்திருக்கும், எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

அதன்பின் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எந்த மாத்திரை எப்போது என்பதைக்கூட அத்தை வரும்வரை காத்திருந்து அத்தையிடம்தான் கேட்டார்.