பதினாறு நீலக்கோடுகள்

விளக்கைப் போடாமல்தான் சரளா தொட்டிக்கு முன்னால் வந்து நிற்பார். மணி ஆறு ஆகியிருக்காது. மேம்பாலத்தில் கம்பெனி வண்டிகளின் இரைச்சல் கனக்கத் தொடங்கியிருக்காது. மாடியில் முப்பத்தெட்டுப் பெண்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பிளாஸ்டிக் முக்காலியில் ஏறி, தொட்டியின் மூடியைத் தூக்கி, தண்ணீரை மேலிருந்து பார்ப்பார். ஜன்னலில் சாம்பல் வெளிச்சம். இரவில் மீன்களின் நிறம் வடிந்துவிடும்; அந்த நேரத்தில் அவை மீன்களாகவே தெரியாது, தண்ணீர் தனக்குள் எதையோ நினைத்துக்கொண்டிருப்பதுபோல மெல்ல அசையும். சரளாவும் அசையாமல் நிற்பார்.

"வாய மேல கொண்டாந்து கப்பு கப்புன்னு காத்து குடிக்குதான்னு பாக்கணும். வெடியறப்பதான் தண்ணில காத்து கம்மி. மத்த நேரம் எல்லாம் நல்லா இருக்கிறாப்பலயே தெரியும்" என்பார்.

ஒன்றும் மேலே வராவிட்டால் மூடியை வைத்துவிட்டு, இட்லிக்கு அடுப்பு மூட்டப் போவார்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் பி.ஜி. விடுதி அது. சமையலும் மேற்பார்வையும் சரளாவுடையவை. அதே ஊரின் ஆஸ்டின் டவுனில் பிறந்தவர், வயது நாற்பத்தாறு, ஏழு வருடங்களாகச் சமையலறையை ஒட்டிய அறையில் வாசம். முன்கூடத்தில் இரண்டடி நீளத் தொட்டி. காலி செய்துகொண்டு போகும் பெண் ஒரு சிறிய மீனை வாங்கி அதில் விட்டுப் போவது அங்கே எப்படியோ வழக்கமாகிவிட்டது. யார் தொடங்கியது என்று சரளாவுக்கே நினைவில்லை. எத்தனை மீன் என்று தீர்மானிப்பது மட்டும் அவர்.

முதல் வருடம் யாரும் எண்ணவில்லை. தங்க மீன், கறுப்பு மீன், பெயர் தெரியாதவை என்று நாற்பதுக்கு மேல் போயிற்று. ஒரு விடியலில் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. காற்று மோட்டார் நின்றுவிட்டது. அன்று அவர் வலையில் அள்ளியவை இருபத்தேழு. அதன்பின், மிஞ்சியவற்றைக் கடைக்குக் கொடுத்துவிட்டு, நான்கு மீனிலிருந்து ஆரம்பித்தார். இரண்டு விடுவது, மூன்று வாரம் விடியலில் பார்ப்பது, இன்னும் இரண்டு விடுவது. பதினெட்டு ஆனபோது மூன்று மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. இரண்டை எடுத்துக் கடைக்கே திருப்பிக் கொடுத்தார். பதினாறு நின்றது. அதைக் கண்டுபிடிக்க ஏழு மாதம் ஆயிற்று.

விவேக் நகரில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் பெர்னார்டுக்கு இதில் உடன்பாடில்லை. தொட்டி கொள்ளும் லிட்டருக்குக் கணக்குப் போட்டு முப்பது தாராளம் என்பார். "அவரு விக்கிறவரு. நான் பாக்கிறவ" என்பது சரளாவின் பதில். தண்ணீரின் ஆழம் அவருக்குப் பொருட்டே இல்லை. மேல்பரப்பில் உள்ளங்கையைக் கவிழ்த்துக் கவிழ்த்து அளந்து காட்டுவார். "பக்கத்துலருந்து பாத்தா மைதானமாட்டம் தெரியும். மூச்சு மேலருந்துதான் போவுது."

ஒரே இனத்துக்குத்தான் அனுமதி. விரல்கணு அளவு உடம்பு, மூக்கிலிருந்து ஓடும் நீலக்கோடு, வால் பக்கம் சிவப்பு. கடையில் நியான் டெட்ரா, சரளாவுக்கு நீலக்கோடு. டேங்கர் தண்ணீரை இரண்டு நாள் வாளியில் நிற்கவைத்த பிறகே தொட்டியில் ஊற்றுவார். தீனியைக் கட்டைவிரலில் நசுக்கித் தூளாக்கித் தூவுவார். பி.ஜி.யில் மீன் குழம்பு வைக்கும் நாளில், சமையலறையைப் பார்த்த பக்கத்துக் கண்ணாடியைத் துண்டு போட்டு மறைப்பார். கேட்டால், "சும்னே இரு, உனக்கு என்ன?" என்று கன்னடமும் தமிழுமாக அதட்டுவார்.

"ஒண்ணே ஒண்ணு அக்கா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்று கெஞ்சுகிறவர்களிடம், "மனுசங்க அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க. அதான் உங்கள ஒரு ரூம்ல நாலு பேரப் போட்டிருக்கு. மீனுக்கு ஃபோர் ஷேரிங் கெடயாது" என்பார்.

போன பெண்கள் ஃபோன் செய்வார்கள். புனேவிலிருந்து, ஓசூரிலிருந்து, ஒருத்தி நொய்டாவிலிருந்து. நொய்டாக்காரி வீணா போய் இரண்டரை வருடமாகிறது. அங்கே தனி அறை. ஞாயிறு தவறாமல் வீடியோவில் வந்துவிடுவாள். அவளுடைய மீன் கூட்டத்தோடு சேராது. வடிகட்டிக் குழாயின் அடியில், ஓரமாக, தனியே நிற்கும்.

போன ஞாயிறு காலை, அறையைக் காலி செய்துகொண்டு ஸ்னேஹா படியிறங்கி வந்தாள். இரண்டு பெட்டி, ஒரு தலையணை, கையில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு நீலக்கோடு. அவள் கம்பெனியில் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். மைசூரில் அம்மா அப்பாவிடம் திரும்பிப் போகிறாள். வண்டி வர முக்கால் மணி நேரம் இருந்தது.

"பதினாறு ஆய்த்து, ஸ்னேஹா. எடுத்துட்டுப் போ."

"நாலு வருஷம் இந்த ஊர்ல இருந்தேன் அக்கா. ஐடி கார்டையும் வாங்கிண்டுட்டா, லேப்டாப்பையும் வாங்கிண்டுட்டா. இருந்தேன்னு ஒண்ணாவது இருக்கட்டுமே."

"உனக்குன்னு ஒண்ணு விட்டா, மீதி பதினாறும் மூச்சுக்குத் தவிக்கும்."

ஸ்னேஹா தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டாள். கண்ணாடியில் மூக்குப் பட, உதடு அசைய எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பிறகு ஃபோனில் படம் எடுத்து, அதைப் பெரிதாக்கி விரல் வைத்து எண்ணினாள்.

"அக்கா, பதினஞ்சுதான் இருக்கு."

"ஒண்ணு செடிக்குள்ள இருக்கும்."

"செடிக்குள்ளயும் பாத்துட்டேன்."

சரளா கையைப் புடவையில் துடைத்தார். வாசலில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியை ஒருமுறை பார்த்தார்.

"செவ்வாக்கெழம வந்தா ரெண்டு வாரம், அது போயி. அதுலதான் பொதச்சேன். வீணாவோடது."

"அப்போ எடம் இருக்கே?"

"அது வீணாவோட எடம்."

ஸ்னேஹா எழுந்தாள். "அவகிட்ட சொல்லலயா?"

"எப்பிடிச் சொல்றது? நீ சாப்பிட்டியாடின்னு நான் கேக்கறதுக்குள்ள, என் மீனு சாப்பிட்டுதான்னு அவ கேக்கறா. அந்த ஊர்ல அவளுக்கு வேற பேச்சே இல்ல."

ஸ்னேஹா பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "பரவால்ல அக்கா. மைசூர் வரைக்கும் மடியிலயே வச்சுண்டு போறேன்."

சரளா அந்தப் பையை விரலால் தொட்டுப் பார்த்தார். வெளியே வெயில் ஏறியிருந்தது. மைசூருக்கு நான்கு மணி நேரம். பையை வாங்கித் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டார். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினைந்து மீன்களும் வந்து பையை மோந்து திரும்பின. குமிழிகள் ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தன. கூடத்துச் சுவரில் தண்ணீரின் வெளிச்சம் நெளிந்தது. கிளம்ப வேண்டும் என்பதே மறந்துபோகும்படி நெளிந்தது. கால் மணி கழித்து சரளா டம்ளரால் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பிறகு பையைச் சாய்த்தார்.

புதிய மீன் ஒரு நொடி தயங்கியது. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய், வடிகட்டிக் குழாயின் அடியில், தனியே நின்றது.

அப்போதுதான் ஃபோன் அடித்தது. வீணா.

"அக்கா! என்ன, மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

"அடுப்புப் பக்கத்துல நின்னா எப்பிடி இருக்கும்? நீ சாப்பிட்டியா?"

"அப்புறம் சாப்பிடறேன். மொதல்ல என்னுதக் காட்டுங்க."

சரளா அசையவில்லை. ஃபோனில் வீணாவின் முகமும் அவளுக்குப் பின்னால் வெறும் சுவரும் தெரிந்தன.

"போன வாரமும் நெட் சரியில்லன்னு காட்டல. எங்க, ஓரமா நிப்பானே அவன்?"

ஸ்னேஹா பெட்டியின் கைப்பிடியை இழுத்து நீட்டினாள். பிறகு மெல்ல உள்ளே தள்ளினாள்.

சரளா ஃபோனைத் தொட்டியின் பக்கம் திருப்பினார். இன்னொரு கையால் ஸ்னேஹாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அவளுடைய ஆள்காட்டி விரலைக் கண்ணாடியில், குழாய்க்கு அடியில், அந்த மீன் நிற்கும் இடத்தில் வைத்தார்.