கொட்டாங்குச்சி நெருப்பில் உருகிய ஈயம்

ஜோகுபாளையத்தில் இஸ்திரி வண்டியைக் கடந்தபோது கொட்டாங்குச்சிக் கரியின் வாசனை வந்தது. மனம் சின்ன வயதில் நாங்கள் இருந்த மர்பி டவுன் வீட்டு வாசலுக்கு ஓடிவிட்டது.

அப்பாவின் புது மீன்வலைக்கு ஈயக் குண்டு வார்க்க வேண்டும். குண்டு இல்லாத வலை மிதக்கும். மறுநாளே ஏரியில் வலை வீச அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் காற்றில் தடுமாறிய திரி ஸ்டவ்வில் ஈயம் உருகவே இல்லை.

"கேஸ்ல வெச்சுடலாமா?" என்றார்.

"சோறாக்குற அடுப்புல ஈயமா? தள்ளுங்க!" என்ற அம்மா, வாசலில் கொட்டாங்குச்சிகளைக் குவித்துப் பற்றவைத்து, ஊதுகுழலால் விடாமல் ஊதினாள். கொஞ்ச நேரத்தில் ஈயம் கண்ணாடிபோல் தளும்பியது.

"உருகிடுச்சுடீ!" என்று அப்பா கத்தியதில் தெருவே கூடிவிட்டது.

மறுநாள் கூடை நிறைய மீனோடு வந்தவர், எதிர்ப்பட்ட எல்லோரிடமும் மார்தட்டிச் சொன்னார்: "எம் பொண்டாட்டி உருக்குன ஈயம்பா!"