இழுக்க ஆளில்லாத கயிறு

என் கீலில் ஆடாத கதவு எங்கள் ஊரில் குறைவு. வங்கிக் கதவு, மருத்துவமனைக் கதவு, மூன்றாம் வகுப்போடு என்னை வெளியே அனுப்பிய பள்ளிக்கூடத்தின் கதவு, எல்லாமே என் பட்டறையில் பிறந்த கீலில்தான் திறந்து மூடுகின்றன. இதை நானே சொல்லிக்கொள்கிறேனே என்று நினைக்க வேண்டாம். வேறு யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

தகடு வெட்டும் ஒரு கைப்பிரஸ், ஒரு தகரக் கொட்டகை, என் தொண்டை. இவற்றை வைத்துத்தான் தொடங்கினேன். இன்று பிரஸ், துளை, மெருகு, பெட்டி போடுவது என்று ஒரு பெரிய கூடம் நிறைய ஆட்கள். தொண்டை மட்டும் அதேதான். அது கூடத்தின் இந்த முனையில் புறப்பட்டால் அந்த முனையில் நிற்பவர் கையிலிருந்து ஸ்பானர் விழும். முதுகுக்குப் பின்னால் என்னைச் ‘சங்கு’ என்று சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆலைச் சங்கு ஊதினால் ஊரே எழுந்து உட்காரும் அல்லவா? அந்த மரியாதையில் வைத்த பெயர் என்றே எடுத்துக்கொண்டேன்.

மனைவி போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. மகள் பட்டறையின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறாள்; மாலையானால் தன் வீடு, தன் பிள்ளைகள் என்று போய்விடுவாள். நானும் என் வீட்டுக்குப் போவேன். என் வீட்டுக் கதவில் இருப்பது நானே பார்த்துப் பார்த்து அடித்த கீல். எண்ணெய் போடாமலே சத்தம் வராது. அதனால் நான் உள்ளே வந்தது அந்த வீட்டுக்கே தெரியாது.

இப்படி இருக்கும்போது ஒருநாள், மருத்துவமனை கட்டும் ஒருவருக்கு அனுப்பிய சரக்கு போன லாரியிலேயே திரும்பி வந்தது. பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். ஆணி போகும் துளை ஒரு பக்கமாகத் தள்ளி இருந்தது. ஒரு கீல் இல்லை, மொத்தமும் அப்படி. இத்தனை கைகளைத் தாண்டிப் போன சரக்கு ஒரு கண்ணிலுமா படாமல் போயிருக்கும்? பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அதே வாரம் மகள் வந்து நின்றாள்.

“மேலாளர் வேலையை விட்டுட்டார்ப்பா.”

“போகட்டும். என்ன கோபமாம் அவருக்கு?”

“கோபம் எல்லாம் இல்லையாம். காதுவலியாம்.”

அவளே தொடர்ந்தாள்.

“ஜப்பான் தொழிற்சாலைங்களைப் பார்க்க மேலாளர்களைக் கூட்டிட்டுப் போறாங்கன்னு அவர் பேரைக் கொடுத்திருந்தேன். இப்ப அந்த இடம் காலி. நீங்க போங்க.”

“நானா? அங்கே போய் நான் என்னத்தைக் கத்துக்கிறது? கீல் எப்படி அடிக்கிறதுன்னா?”

“திரும்பி வந்த சரக்குக்குப் பதில் புதுசா செஞ்சு கொடுக்கணும். அதுவும் கோணலாப் போனா அந்த ஆள் இனி நம்ம பக்கம் தலை வைக்க மாட்டார். போய்ப் பார்த்துட்டு வாங்க. பேசாம பார்த்துட்டு வாங்க.”

அந்த ‘பேசாம’ என்பதை அவள் அழுத்திச் சொன்னதைக் கவனித்தேன்.

ஜப்பானில் பேசாமல்தான் பார்த்தேன். பேச ஆள் இருந்தால்தானே? கூட வந்தவர்கள் எல்லாம் என் மகள் வயதுக்காரர்கள். கழுத்தில் அட்டை, கையில் கணினி, வாயில் எனக்குப் புரியாத படிப்பு. பேருந்தில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்தார்கள். என் பக்கத்து இருக்கையில் என் பை உட்கார்ந்தது. சாப்பாட்டு மேசையில், “ஐயா, நீங்க எந்தக் கம்பெனி?” என்று ஒருவர் கேட்டார். நான் சொல்லத் தொடங்கி கைப்பிரஸ் வரைக்கும் வருவதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது.

விடுதி அறை தீப்பெட்டி மாதிரி. பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் கட்டிலில்தான் வைக்க வேண்டும். அறைக் கதவின் கீலை ஆட்டிப் பார்த்தேன். நல்ல கீல். என்னுடையதைவிட நல்லது என்று சொல்ல மாட்டேன். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாததில் குரல் இருக்கிறதா போய்விட்டதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, “ஏய்!” என்று ஒரு சத்தம் போட்டுப் பார்த்தேன். இருந்தது.

தையல் இயந்திரம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே வரிசையாக நின்று வேலை செய்பவர்களின் தலைக்கு மேலே, துணி காயப்போடுகிற கொடி மாதிரி ஒரு கயிறு ஓடியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு இளம்பெண் எட்டி அதை இழுத்தாள். எங்கோ ஒரு மெட்டு ஒலித்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. நரைத்த தலைக்காரர் ஒருவர் ஓட்டமாக ஓடி வந்தார்.

‘தொலைந்தாள்’ என்று நினைத்தேன். அவர் அவளிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவள் கையைக் காட்டினாள். இருவரும் சேர்ந்து எதையோ சரி செய்தார்கள். மெட்டு நின்றது, வேலை நடந்தது.

எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்ன பெண் நம் பக்கத்தில் பிறந்து அங்கே வாழ்க்கைப்பட்டவர். அவரிடம் போனேன்.

“அந்தப் பொண்ணு என்ன தப்பு பண்ணுச்சும்மா?”

“தப்பு எதுவும் இல்லைங்க ஐயா. ஒரு திருகு சரியா இறங்கலையாம். அதைச் சொல்லத்தான் இழுத்திருக்கா.”

“வந்தவுடனே அவர் என்ன சொன்னார்?”

“நன்றின்னு சொன்னார்.”

“திட்டுறதுக்கு முன்னாடியா?”

அவர் சிரித்துவிட்டு நரைத்த தலைக்காரரிடம் என் கேள்வியைக் கொண்டுபோனார். அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்து நீளமாகப் பதில் சொன்னார்.

“கயிறு இழுபடாத நாள்ல அவருக்குச் சாப்பாடு இறங்காதாம் ஐயா. என்ன நடக்குதுன்னு தன்கிட்ட யாரும் சொல்லலையேன்னு இருக்குமாம்.”

மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். பேருந்து கிளம்ப நேரமாகிவிட்டது என்று ஆள் வந்து கூப்பிட வேண்டியிருந்தது.

ஊர் திரும்பியதும் அந்த நன்றிக் கதையை மகளிடம் சொல்லிவிட்டு, உடனே நீலக் கொடிக்கயிறு ஒன்று வாங்கினேன். இந்த வயதிலும் ஏணியில் நானே ஏறி, கூடம் முழுக்க நானே கட்டினேன். ஒரு மின்சார மணியோடு சேர்த்தேன். மாடிப்படியில் நின்று எல்லாரையும் கூப்பிட்டேன்.

“இதோ பாருங்க! எதுல கோளாறு தெரிஞ்சாலும் இழுங்க! யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்! நானே ஓடி வருவேன்! ஆனா ஒண்ணு, எவனாவது சும்மா விளையாட்டுக்கு இழுத்தான்னு வைங்க, தோலை உரிச்சுத் தொங்க விட்டுடுவேன்!”

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் மாடியில் போய், கூடத்தைப் பார்த்த சன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மணிக்காகக் காத்திருந்தேன்.

மணி அடிக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. வீட்டில் விருந்தாளி வரப்போகிறார் என்று சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தவன் மாதிரி தினமும் உட்கார்ந்திருந்தேன். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அந்த ஊரில் மணிக்கு மணி இழுக்கிறார்கள், நம் கூடத்தில் கோளாறே இல்லை பார் என்று மகளிடம் சொன்னேன். அவள் எழுந்து வந்து சன்னல் வழியாகக் கையை நீட்டினாள்.

“கயித்தை நல்லாப் பாருங்கப்பா.”

மெருகு போடும் பெண்கள் அதில் ஈரத் துணியைக் காயப்போட்டிருந்தார்கள்.

“கோளாறு இருந்தா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! எதுக்குப் பயம்?” என்று கத்தினேன்.

“இப்ப கேட்டீங்களே, இந்தக் குரலுக்குத்தான்” என்றாள்.

அன்று மாலை வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்தபோது நரைத்த தலைக்காரர் நினைவுக்கு வந்தார். எனக்கும் இறங்கவில்லை.

மருத்துவமனைச் சரக்கு மறுபடி வரிசையில் ஏறியது. நான் சன்னலோரம் இருந்தேன். துளை போடும் அம்மா ஒரு கீலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். தலையைத் தூக்கிக் கயிற்றைப் பார்த்தார். பிறகு மாடியை, அதாவது என்னைப் பார்த்தார். சட்டென்று குனிந்து அந்தக் கீலை நல்ல சரக்குப் பெட்டியில் போட்டுவிட்டார்.

எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், சரக்கு தப்பியிருக்கும். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கயிறு சாகும் வரைக்கும் துணிக்கொடிதான். அது எனக்குப் புரிந்தது. யாரும் சொல்லிக் கொடுத்துப் புரியவில்லை, எனக்கே புரிந்தது.

வாயை மூடிக்கொண்டு படி இறங்கினேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் கல்லாகிவிட்டார். நான் கையைத் தூக்கிக் கயிற்றை இழுத்தேன்.

மணி கூடம் அதிர அடித்தது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் வரவில்லை. இழுத்தால் மேலே இருப்பவர் ஓடி வர வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். எனக்கு மேலே யார் இருக்கிறார்கள்? எல்லாரும் நின்ற இடத்திலிருந்தே என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கு நடுவில், கையில் கயிற்றோடு, மணி அடிக்க அடிக்க நான் மட்டும் நின்றேன். ஜப்பானில் என் பையோடு உட்கார்ந்திருந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

படியில் தடதடவென்று சத்தம். மகள் ஓடி வந்தாள், ஒரு காலில் செருப்பு இல்லை.

“நன்றிப்பா” என்றாள் மூச்சு வாங்க. “என்ன ஆச்சு?”

“எனக்கு…” கயிற்றை விட்டுவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு கீலை எடுத்து நீட்டினேன். “இந்தத் துளை சரியா தப்பான்னு எனக்குத் தெரியலைம்மா.”

துளை போடும் அம்மாதான் வாய் திறந்தார்.

“தப்புதாங்க முதலாளி. துளை போடுற முனை தேஞ்சுபோச்சு. காலையிலிருந்தே தள்ளித்தான் விழுது.”

“காலையிலிருந்தேவா!” என்று புறப்பட்டதைப் பல்லுக்குள் கடித்துப் பிடித்தேன். தாடை வலித்தது. பிறகு, “நன்றிம்மா” என்றேன். அந்தக் கூடத்தில் அந்த வார்த்தையை அதற்கு முன் நான் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. எனக்கும் இல்லை. மெருகுப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

முனையை மாற்றினோம். காலையிலிருந்து போட்டதை எல்லாம் கொட்டிப் பொறுக்கினோம். நானும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினேன், யாரையும்விட வேகமாக. சரக்கு போயிற்று. திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகும் கயிறு சும்மாதான் கிடந்தது. நான் நாற்காலியை விட்டு நகரவில்லை. ஒரு மத்தியானம் மணி அடித்தது. முட்டிவலியோடு ஓடினேன். ‘நெட்டையன்’ என்று நாங்கள் கூப்பிடும் பிரஸ்காரர், என்னோடு கொட்டகைக் காலத்திலிருந்து இருப்பவர், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

“நன்றி” என்றேன். “என்னய்யா கோளாறு?”

“கோளாறு ஒண்ணும் இல்லை முதலாளி. சும்மா இழுத்தேன்.”

“சும்மாவா?”

“ஆமா. நிஜமாவே வர்றீங்களான்னு பார்த்தேன்.”

கயிறு ஆடிய ஆட்டத்தில் ஒரு ஈரத் துணி நழுவி என் தலைமேல் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை, சிரிக்கலாமா கூடாதா என்று என் முகத்தைப் பார்த்தார்கள். நான் துணியை எடுத்து மறுபடி கயிற்றில் போட்டேன்.

“வந்துட்டேன்” என்றேன்.