ஒனெலியா இறக்கிய கூடை

ஒனெலியாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு ஹாரனில் தொடங்க வேண்டும். மாடு கத்துவது போல ஒலிக்கும் ஹாரன். அவளுடைய அப்பா எவெலியோ எங்கிருந்தோ தேடிப் பிடித்து, தன் பழைய செவ்ரோலே காரில் பொருத்தியது. வேலை முடிந்து கடலோர மாலெகோன் சாலைக்குள் திரும்பியதும் அதை ஒரு தரம் அடிப்பார். மூன்றாம் மாடியில் ஒனெலியாவின் அம்மா உடனே அரிசியைக் களைந்து அடுப்பில் ஏற்றுவாள். அவர் வண்டியைத் துடைத்து மூடி, படியேறி வருவதற்கும் சோறு வெந்து இறங்குவதற்கும் சரியாக இருக்கும். அம்மா போன பிறகு அந்த வேலை மகளுக்கு வந்தது. அந்தக் கத்தலைக் கேட்டால் ஒனெலியாவின் கை தானாக அரிசி டப்பாவுக்குப் போகும்.

நான் தெக்லா. அதே கட்டடத்தில் கீழ் வீடு. எதிரே கடற்சுவரோரம் நடந்து, காகிதச் சுருளில் வறுத்த கடலை விற்கிறேன். ஹவானாவுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் அந்தச் சுவரில் ஒரு தரமாவது உட்காராமல் போவதில்லை. என் காது பொல்லாத காது என்று எங்கள் கட்டடத்தில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அந்தக் காது இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

எவெலியோ செத்ததும் வண்டி மகளுக்கு வந்தது. மகளோடு ரெய்னெரியோவும் இருந்தான், அவள் புருஷன். பார்க்க லட்சணமாக இருப்பான். அதைத் தவிர அவனிடம் நல்லது என்று எதையும் நான் கண்டதில்லை. "வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் டூரிஸ்டை ஏத்த லைசென்ஸ் குடுப்பாங்க கண்ணு. நீயா ஓட்டப் போறே? என் பேருக்கு மாத்திடு, ரெண்டு பேருக்கும் சோறு போடும்" என்றான். மாற்றிக் கொடுத்தாள். லைசென்ஸ் வந்தது. அவன் போனான், வண்டியோடு. கோர்ட்டுக்குப் போனாள். பேர் யாருடையதோ வண்டியும் அவருடையது என்று முடித்துவிட்டார்கள்.

போனவன் அப்படியே போய்த் தொலைந்திருக்கலாம். வெளிநாட்டுக்காரர்களுக்குக் காற்று வேண்டும், ஃபோட்டோ வேண்டும் என்று, எவெலியோ பொட்டுத் துரு ஏறவிடாமல் காத்த கூரையை அறுத்து எறிந்தான். மாம்பழ மஞ்சளை அழித்து ரோஸ் அடித்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் பக்கத்துக் கடைக்கே வருவான், ஊரில் வேறு கடையே இல்லாத மாதிரி. வண்டியை ஒனெலியாவின் பால்கனிக்கு நேர் கீழே நிறுத்தி, இறங்குவதற்கு முன் ஹாரனை அடிப்பான். தலையைத் தூக்கி மேலே பார்த்துச் சிரிப்பான்.

அந்த நேரம் ஒனெலியா மேலே இருந்தே ஆக வேண்டும், பிழைப்பு அப்படி. காப்பி விற்கிறாள். கீழே நின்று யாராவது குரல் கொடுத்தால் கயிற்றில் கூடையை இறக்குவாள், காப்பியை எடுத்துக்கொண்டு காலி டம்ளரை வைத்தால் மேலே இழுத்துக்கொள்வாள். ஹாரன் கேட்டதும் கை டப்பாவுக்குப் போகும். பாதியில் நினைவு வந்து மூடியை அடித்துச் சாத்துவாள். அந்தச் சத்தம் என் வீடு வரைக்கும் கேட்கும்.

ஒருநாள் சுவரோரம் அவன் வண்டியை நிறுத்தி, வெள்ளைக்காரத் தம்பதி ஒன்றுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். நான் கடலைத் தட்டோடு பக்கத்தில் போய் நின்றேன்.

"இது எங்கப்பா வண்டி" என்றான். "பிரேக் எண்ணெய் கிடைக்காத காலத்துல சோப்புத் தண்ணியை ஊத்தி ஓட்டினாரு மனுஷன். நான் பொறந்ததே இந்தப் பின்சீட்டுலதான். வெளியே புயல், ஆஸ்பத்திரி வரைக்கும் போக முடியல. எங்கப்பாவே தொப்புள்கொடி அறுத்தாரு."

அந்தப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ரெய்னெரியோவின் அப்பா கிழக்கே பயாமோவில் பன்றி வளர்த்தவர். நல்ல மனிதர், ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. புயலில் அந்தப் பின்சீட்டில் பிறந்தது ஒனெலியா.

மேலே போய்ச் சொன்னேன். அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது, அவள் இறக்கவில்லை.

"என் பொறப்பையுமா எடுத்துக்கிட்டான்?" என்றாள்.

"தொப்புள்கொடியோட எடுத்துக்கிட்டான்."

அடுப்பை அணைத்தாள். "அந்த வண்டி இனிமே எனக்கு வேணாம் தெக்லா. ஆனா அவன்கிட்டயும் இருக்கக் கூடாது. கடலுப்பு அதைத் தின்னட்டும். அவன் தின்னக் கூடாது."

நல்ல சிநேகிதி என்றால் வேண்டாமடி என்று சொல்லியிருப்பாள். நான், "எப்போ?" என்று கேட்டேன்.

ஜனவரி வரை காத்திருந்தாள். ஜனவரியில் மழை விட்டு வானம் கழுவிவிட்டது போல நீலமாகி, காற்று வடக்கிலிருந்து அடித்தால் எங்களுக்குத் தெரியும், கடல் சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வரப்போகிறது. அன்று காலையிலேயே என் கட்டிலையும் விசிறியையும் ஒனெலியா வீட்டுக்கு ஏற்றிவிட்டேன். கார்க்காரர்கள் எல்லோரும் மேட்டுத் தெருக்களுக்குப் போய்விட்டார்கள். ரெய்னெரியோ மட்டும், அலை அடிப்பதைப் பார்க்க ஆசைப்பட்ட ஒரு ஜோடியை ஏற்றிக்கொண்டு சுற்றிவிட்டு, வழக்கம் போல வந்து நிறுத்தினான். சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப நேரமிருக்கிறது என்று கணக்குப் போட்டான். அவன் கணக்கு சரிதான்.

ஹாரனை அடித்தான், சிரித்தான், கடைக்குள் போனான்.

ஒனெலியா கூடையை எடுத்தாள். அதில் சிவப்புத் துணியில் கட்டி, கறுப்பு ரிப்பன் சுற்றி, மேலே சேவல் இறகு செருகிய ஒரு மூட்டை. சிவப்பும் கறுப்பும் எலெகுவாவின் நிறங்கள். சாலைகளெல்லாம் அந்தச் சாமி கையில், அவர் திறந்தால் வழி, மூடினால் இல்லை. வண்டி ஓட்டுகிறவன் யாரும் அவரிடம் விளையாட மாட்டான். அப்படி ஒரு மூட்டை கிடந்தால் யாரோ வைத்த ஏவல், தொட்டவன் மேல் ஏறும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

"உள்ளே என்னடி?" என்றேன். நான் ஓரடி தள்ளியே நின்றேன்.

"நேத்து சூப்புல போட்ட கோழி எலும்பு, காப்பிச் சக்கை. வேற ஒண்ணுமில்ல." கதவுக்குப் பின்னால் இருந்த அவளுடைய எலெகுவா கல்லின் முன் மிட்டாய் குவிந்திருந்தது. "சாமிகிட்ட காலையிலேயே சொல்லிட்டேன், இது உனக்கு இல்ல, கூப்பிட்டேன்னு நெனச்சு எறங்கி வந்துடாதேன்னு."

கயிறு இறங்கியது. கூடையை லேசாகச் சாய்த்தாள். மூட்டை ஓட்டுநர் சீட்டின் நடுவில் போய் உட்கார்ந்தது. எவெலியோவின் கூரை இருந்திருந்தால் அது உள்ளே விழுந்திருக்காது.

ரெய்னெரியோ பல் குத்திக்கொண்டே வந்து, கதவில் கை வைத்து, பார்த்து, பின்னால் குதித்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளுப்பை நான் பார்த்ததேயில்லை. பார்க்கப் பார்க்க இனித்தது, பொய் சொல்லவில்லை.

கூட்டம் கூடிவிட்டது, நானும் கடலைத் தட்டோடு கீழே இறங்கினேன். மேட்டுத் தெருவிலிருந்து கார்க்காரர்களும் வந்தார்கள், அவர்களில் ஒருவன் போனி, பெருத்த உடம்பு.

"மச்சான், அதைக் கொஞ்சம் எடுத்துப் போடேன்" என்றான் ரெய்னெரியோ.

"எனக்கு மூணு பொண்ணுங்க இருக்குடா."

"ஒரு குச்சியால தள்ளு."

"குச்சி வழியா ஏறாதா? நீ யாருக்கு என்ன பண்ணினியோ, அது உன் சீட்டைத் தேடி வந்து உக்காந்திருக்கு. எங்களை ஏன் இழுக்கறே?"

ரெய்னெரியோ ஏற்றி வந்த ஜோடியில் இருந்த செம்பட்டைத் தலை இளைஞன், இவ்வளவுதானா என்பது போலச் சிரித்துக்கொண்டு கையை நீட்டினான். நாலு பேர் பாய்ந்து அவனை இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். "விருந்தாளி செத்தா நம்ம தலையில விடியும்" என்றான் போனி. அந்தப் பையன் பயந்து என்னிடம் கடலை வாங்கிக்கொண்டு ஒதுங்கினான்.

மூட்டையை முறைப்படி எடுக்க ரெய்னெரியோவின் ஞானத்தகப்பன் வர வேண்டும், சாமி காரியங்களில் அவனுக்குப் பெரியவர். அவர் வீடு வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், ரெக்லாவில். படகுத்துறைக்கு ஓடினான். இதற்குள் முதல் அலை சுவருக்கு மேலே எழும்பி, சாலையில் விழுந்தது, நான் தட்டோடு ஒனெலியாவிடம் மேலே ஏறிவிட்டேன். போலீஸ்காரர் ஒருவர் சாலையை மூட வந்தார்.

"யாரு வண்டி இது? எடுங்க."

எல்லோரும் சீட்டைக் கைகாட்டினார்கள். அவரே கிட்டே போனார். சீட்டைப் பார்த்தார். சட்டைக்குள் கைவிட்டுத் தன் பாசிமணியைத் தொட்டுக்கொண்டார். "ஓனர் வரட்டும்" என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

ரெய்னெரியோ முழங்கால் வரை நனைந்து, தனியாகத் திரும்பி வந்தான். கடல் கொந்தளிப்பில் ரெக்லா படகை நிறுத்திவிட்டார்களாம். தண்ணீர் வண்டியின் சக்கரத்தில் பாதிக்கு ஏறியிருந்தது. அவன் தலையைத் தூக்கி மேலே பார்த்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"ஒனெலியா, கொஞ்சம் எறங்கி வாயேன். நீ பயப்பட மாட்டே. உங்கம்மா ஆவிகளோட பேசினவ. உன்னால முடியும்."

ஒனெலியா இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன், விடுவேனா. தூணோரம் படியில் நின்றாள். தண்ணீர் அவள் செருப்பைத் தொட்டது.

"அது யாரு வண்டி, ரெய்னெரியோ?"

"இப்ப ஏன் அதைக் கேக்கறே? தண்ணி ஏறுது."

"எனக்கு அவசரமில்ல. யாரு வண்டி?"

"நம்ம வண்டிதான்மா. உன்னுது, என்னுது."

அடுத்த அலை முன்கண்ணாடி மேலேயே விழுந்தது.

"எவெலியோ வண்டி" என்றான்.

"பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல. அந்தச் செம்பட்டைத் தம்பிக்கும் கேக்கணும்."

"எவெலியோ வண்டி. உங்கப்பா வண்டி. அந்தச் சீட்டுல பொறந்தது நீதான். நான் சொன்னதெல்லாம் பொய். போதுமா? எடுத்துடு."

கார்க்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். போலீஸ்காரரும் கேட்டார். ஒனெலியா அந்த வண்டியை ஒரு தரம், கூரை அறுத்த விளிம்பிலிருந்து சக்கரம் வரை, நிதானமாகப் பார்த்தாள். ஒரு நொடி அவள் கால் தண்ணீருக்குள் இறங்கியது. எடுத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

"அப்போ எவெலியோ வந்து எடுக்கட்டும்" என்றாள்.

திரும்பிப் படியேறினாள். அவன் சத்தமாகத் திட்டினான், பிறகு கெஞ்சினான், பிறகு மறுபடி திட்டினான். அதற்குப் பிறகு கடல் ஒரே மூச்சாக வந்தது. மேலே பால்கனியிலிருந்து பார்த்தோம். ரோஸ் நிறக் கதவுகள் மறைந்தன. எண்ணெய் பூசி, துணி சுற்றி, எத்தனையோ ஜனவரிகளில் எவெலியோ மேட்டுக்கு ஏற்றிக் காப்பாற்றிய இன்ஜினுக்குள் உப்புத் தண்ணீர் இறங்கியது. மூட்டை அவிழ்ந்து கோழி எலும்புகள் மிதந்தன. அதைப் பார்த்ததும் கீழே நின்றவர்கள் இன்னும் நாலடி பின்னால் போனார்கள்.

ஒனெலியாவின் முகத்தில் சிரிப்பைத் தேடினேன். உதட்டில் இருந்தது, கண்ணில் இல்லை.

அப்போதுதான் அந்த ஹாரன் கத்தியது. வண்டியில் யாருமில்லை. உப்புத் தண்ணீர் ஒயருக்குள் போய் ஏதோ ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்க வேண்டும். தெரு முழுக்கக் கடல் நிற்க, அதன் நடுவில் அந்த மாடு விடாமல் கத்தியது. கீழே சிலுவை போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன்.

ஒனெலியா உள்ளே போனாள். கை அரிசி டப்பாவுக்குப் போனது. மூடியைச் சாத்துவாள் என்று காத்திருந்தேன். சாத்தவில்லை. அரிசியைக் களைந்தாள், அடுப்பில் ஏற்றினாள். கண்ணீர் மூக்கு நுனியில் நின்று சொட்டியது, துடைக்கவில்லை. பாட்டரி தீர்ந்து ஹாரன் கம்மிக் கம்மி அடங்கியபோது சோறு வெந்திருந்தது. மேஜையில் மூன்று தட்டு வைத்தாள்.

கீழே ரெய்னெரியோ அவள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். அவள் போய்ப் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"உக்காரு தெக்லா" என்றாள். "அப்பா படியேறிக்கிட்டு இருக்காரு."