கறுப்புக் கவரில் என் மாத்திரை

பஸ் படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும். கையில் பட்டை சுற்றிப் பார்த்து, "பிரஷர் நார்மல்தாம்மா, ஒடம்பக் கொறைங்க" என்று இரண்டு வருடம் ஓட்டினார்கள். எக்கோ எடுத்தபோதுதான் சந்தேகம் வந்தது. மதுரையில் இதயம்வரை குழாய் விட்டு அளந்தார்கள். அழுத்தம் நுரையீரல் ரத்தக்குழாய்களில் இருக்கிறது, கைப்பட்டையில் அது தெரியாது என்றார்கள். அந்தக் குழாய்களை விரிக்க மூன்று வேளையும் ஒரு மாத்திரை.

புதுக்கோட்டை மெடிக்கலில் சீட்டை நீட்டினேன். கடைக்காரர் படித்துவிட்டுப் பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரித்தார்.

"இத வீட்டுக்காரர வந்து வாங்கிக்கிறச் சொல்லுங்க."

ஆண்மைக் குறைவுக்கும் அதே மாத்திரைதான் என்பது அப்போதுதான் புரிந்தது.

"எனக்குத்தாங்க. நுரையீரலுக்கு."

அவர் நம்பவில்லை. பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

அண்ணனிடம் சொன்னேன். கடைக்காரரைப் போய்க் கேட்பார் என்று நினைத்தேன். அவரோ மறுமாதம் திருச்சிக்குப் போய் வாங்கி வந்தார். பெயர் தெரியாதபடி எல்லா மாத்திரையையும் அட்டையிலிருந்து பிதுக்கி, பழைய திருநீறு டப்பாவில் போட்டிருந்தார்.

"வீட்டுக்கு வர்றவுக பாத்தா என்ன நெனப்பாக?" என்றார்.

த்தூ. மூச்சு முட்டுவது எனக்கு. மானம் போகிறதாம் இவருக்கு.