ஐயா பேச்சில் நான் வெட்டியவை

இந்த ஆடி மாதத்தில் ஒரு மதியம். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஆபீஸ் கேன்டீனில் தயிர் சாதம் பிசைந்துகொண்டிருந்தபோது அந்த மெயில் வந்தது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர் ஊரிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் எழுதியிருந்தாள்.

"என் அம்மா பதினோரு நாளாகத் தண்ணீர் மட்டும்தான் குடிக்கிறார். உங்கள் குருவின் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்கிறார். எப்போது நிறுத்த வேண்டும் என்று அவர் எங்கேயாவது சொல்லியிருக்கிறாரா? நீங்கள்தானே மொழிபெயர்த்தவர்?"

பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது.  

அவள் குரு என்று சொன்ன எங்கள் ஐயா கரையான்சாவடியில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தவர். லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மூச்சைப் பற்றியும் மௌனத்தைப் பற்றியும் யாரிடமோ ரகசியமாகக் கற்றதை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் ஏழெட்டுப் பேருக்குச் சொல்லித் தருவார். எதையும் எழுதி வைக்கக் கூடாது என்பது மட்டும்தான் அவருடைய கண்டிப்பு. கார் தொழிற்சாலை வேலையாகச் சென்னைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் எங்களோடு வந்து உட்கார ஆரம்பித்ததும், பாவம் பாஷை புரியாத மனுஷன் என்று போனில் பதிவு செய்ய ஐயா ஒப்புக்கொண்டார்.

அந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பி ஐயாவின் பேரில் ஒரு தியான வட்டம் தொடங்கினார். வட்டம் மூன்று நாடுகளுக்குப் பரவியது. வெள்ளை உடை, சுவரில் ஐயாவின் படம், அமாவாசை விரதம் என்று ஒரு குட்டி மதமே முளைத்தது. இங்கே செருப்புக் கடைக்காரர்கூட நிமிர்ந்து பார்க்காத மனிதரை அங்கே 'மாஸ்டர்' என்றார்கள். அதைச் சொன்னால் ஐயா வயிறு குலுங்கச் சிரிப்பார். மெயில் வந்தபோது அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அந்தப் பதிவுகளைப் புத்தகமாக மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் கரூர்க்காரன், ஐ.டி. வேலைக்காக வந்து நூம்பலில் பிளாட் வாங்கியவன், இங்கிலீஷ் தெரிந்தவன். ஐயாவின் பேச்சில் எனக்கு ஒரு கூச்சம் இருந்தது. 'இன்னா', 'கீது' என்று பேசுகிறவரை வெளிநாட்டுக்காரன் மதிப்பானா? அதனால் பட்டுவேட்டி கட்டிவிடுவதுபோல அவர் பேச்சுக்கு இங்கிலீஷ் உடுத்தினேன். குக்கர் விசில், அவருடைய கிண்டல், வீட்டுப் பேச்சு எல்லாவற்றையும் வெட்டினேன். உபதேசம் முடிந்தது என்று தோன்றியதும் ஹெட்போனைக் கழற்றிவிடுவேன்.

'உள்ளே இருப்பவன் பேசும்வரை வயிற்றை வெறுமையாக வை.' இதுதான் புத்தகத்தில் இருந்த வாக்கியம். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

உடனே நிறுத்தச் சொல்லுங்கள் என்று பதில் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் அந்தப் பெண்ணின் பதில் வந்தது. "அம்மா நம்பவில்லை. எழுத்தில் காட்டு என்கிறார். நேற்று மாடிப்படியில் மயங்கி விழுந்தார். டாக்டரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்."

லீவு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.  ஒரு உயிர் போனால் அது என் கணக்கில்தான். இதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

வீட்டில் பழைய பதிவைத் தேடி எடுத்து, வழக்கமாக நான் நிறுத்தும் இடத்தைத் தாண்டி ஓடவிட்டேன். முதலில் ஐயாவின் மனைவி குரல். "சோறு ஆயிடுச்சி, இன்னும் இன்னா பேசிகினு கீறீங்க?" ஐயா சிரிக்கிறார். "மதியத்துக்குள்ள அவன் பேசலன்னா இன்னிக்கி அவனுக்கு லீவு. வாங்கப்பா, துன்னலாம்." அப்புறம் தட்டுகள் வைக்கும் சத்தம். அந்தத் தட்டுகளில் ஒன்று என்னுடையது.

பதிவோடு கரையான்சாவடிக்குப் போய், ஐயாவின் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணை வீடியோவில் கூப்பிட்டேன். திரையில் அந்த வயதான பெண்மணி தலையணையில் சாய்ந்திருந்தார். கண்கள் உள்ளே போயிருந்தன. பதிவைப் போட்டேன். வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷில் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "இது ஏன் புத்தகத்தில் இல்லை?"

பொய் சொல்ல வாய் வரை வந்தது. "எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் வெட்டிவிட்டேன்" என்றேன்.

 கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. அதற்குள் ஐயாவின் மனைவி போனை என் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். "இன்னாம்மா இது, இப்டி கெடக்கிற? எங்கூட்டுக்கு வந்தவங்கள அவரு ஒரு நாளும் துன்னாம அனுப்புனது இல்ல. மொதல்ல கொஞ்சம் கஞ்சி குடி. நீ குடிக்கிறத நான் பாக்கணும்." ஒரு சொல்லையும் விடாமல் மொழிபெயர்த்தேன்.

மகள் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். ஒரு ஸ்பூன், நெடுநேரம் கழித்து இன்னொன்று. டாக்டரை வரச் சொல்லலாம் என்று அவள் அம்மா தலையசைத்ததும் மகள் அழுதுவிட்டாள். நானும்தான்.

அவர் பிழைத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து அவரே எழுதினார். நன்றி என்று ஒரு வரி, அதன் கீழே ஒரு கேள்வி. "மற்ற பேச்சுகளில் எதை எடுத்தீர்கள்?"

மொத்தம் நாற்பது பேச்சுகள் இருக்கின்றன. முதலிலிருந்து கேட்க ஆரம்பித்திருக்கிறேன். ஒவ்வொன்றும் முடியும் இடத்தில் இப்போது ஹெட்போனைக் கழற்றுவதில்லை. முதல் இரண்டில் காபியும் மழையும்தான், தப்பித்தேன். மூன்றாவது, உடம்பு தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்ற பேச்சு. அந்த வட்டத்தில் எல்லோருக்கும் பிடித்தது, அதை எழுதிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்களாம். பேச்சு முடிகிறது, பாய் சுருட்டும் சத்தம் கேட்கிறது, எங்களில் சர்க்கரை நோய் இருந்த ஒருவரிடம் ஐயா கேட்கிறார்.

"மாத்திர போட்டுகினியா? போடாம வந்தீன்னா உள்ளயே உட மாட்டேன்."