மடை வைத்துக் கட்டிய பள்ளிக்கூடம்

வாத்தியார் வேலையில் பாடம் நடத்துவது சின்னப் பகுதி. மீதி என்னவென்று ஓராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியராக இருக்கும் என் சக பாவிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முட்டை எண்ணியிருப்பீர்கள், ஓட்டுச்சாவடியில் உட்கார்ந்திருப்பீர்கள். நான் ஒரு படி மேலே போய், ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடத்தையே இடித்துக் கட்டினேன்.

எங்களுடையது ஐந்தாம் வகுப்பு வரை உள்ள தமிழ்ப் பள்ளி. மழையில் கூரை பெயர்ந்து விழ, புதிதாகக் கட்ட உத்தரவு வந்தது. கூடவே மண்டலக் கல்வி அதிகாரி ஒரு நிபந்தனையும் சொன்னார். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் கட்டடம் முடிய வேண்டும். முடியாவிட்டால் பிள்ளைகளைச் சென்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெலுங்குப் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். அந்த ரோட்டில் லாரிகள் போகிற வேகத்துக்குப் பெரியவர்களே தயங்கித் தயங்கித்தான் கடப்பார்கள். விசைத்தறி ஓட்டும் அமுலுவின் மகள் தேவி அப்போது மூன்றாம் வகுப்பு. அமுலு என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார்: “ரோட்டத் தாண்டணும்னா எம் பொண்ணு படிச்ச வரைக்கும் போதும் சார். ஊட்லயே இருக்கட்டும்.”

முடித்துக் காட்டுகிறேன் என்றேன். சிமெண்டுக்கு எத்தனை பங்கு மணல் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாததைத் தைரியமாகச் சொல்வதில் பதினெட்டு வருஷ அனுபவம் உண்டு.

முதல் கடப்பாறை

தை மாதம் நாள் பார்த்து, பூசணிக்காய் உடைத்து, சூடம் காட்டினோம். பழைய சுவரில் முதல் அடி யார் அடிப்பது? தலைமையாசிரியர்தான் என்று நானே முடிவு செய்து சட்டைக் கையை மடித்துக்கொண்டேன். பெற்றோர் கமிட்டித் தலைவர் கன்னியப்பன் முன்னால் வந்தார். விவசாயி; இதே பள்ளியில் படித்தவர். என் கையிலிருந்த கடப்பாறையை மரியாதையாக வாங்கிக்கொண்டு சொன்னார்: “நீங்க தள்ளி நில்லுங்க சார். வாய்ப்பாடு வரலன்னு இந்தச் செவுத்தப் பாத்துக்கினு ஒரு வாரம் முட்டி போட்டவன் நானு.”

தறிக் கொட்டகை வகுப்பு

இடித்தாயிற்று. பிள்ளைகளை எங்கே உட்காரவைப்பது? அமுலு தன் தறிக் கொட்டகையில் பாதியை ஒழித்துக் கொடுத்தார். மறுபாதியில் தறிகள் ஓடும். அந்தச் சத்தத்தில் நான் தொண்டை கிழியக் கத்துவேன். பிள்ளைகள் என் வாயசைவைப் பார்த்தே பாடம் கேட்கப் பழகிவிட்டார்கள். ஒருநாள் மனித உடல் பாடத்தின் நடுவில் கரண்ட் போனது. தறிகள் நின்றன, நான் நிற்கவில்லை. “சிறுகுடல்! பெருங்குடல்!” என்று நான் அலறியது தெருக்கோடி வரை கேட்டு, யாருக்கு என்ன ஆச்சோ என்று நாலு பேர் ஓடி வந்தார்கள்.

அமுலு அறுந்த இழையை முடிந்துகொண்டே சொன்னார்: “கரண்டு போனா எல்லாருக்கும் வேலை நிக்கும். உங்களுக்கு அப்பதான் சார் வேலையே ஆவுது.”

கரும்பலகை

கார்வேட்டிநகரத்து மேஸ்திரி நல்ல வேலைக்காரர், உயரமானவர். கரும்பலகையைத் தன் கண்ணுக்கு நேராக வைத்துப் பூசிவிட்டார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாது. இறக்கி வையுங்கள் என்று சண்டைக்கே போய்விட்டேன். அவர் மட்டப்பலகையைக் கழுவிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: “புள்ளைங்க வளரும் சார். செவுரு வளராது.”

மடை

சித்திரை வெயிலில் மேல்தளம் போட்டோம். தளத்தின் மேல் பாத்தி பாத்தியாக மண் வரப்பு கட்டி இரண்டு வாரம் தண்ணீர் நிறுத்த வேண்டும், காய்ந்தால் வெடிக்கும், வெடித்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ரேணிகுண்டாவிலிருந்து வரும் இன்ஜினியர் அம்மா கறாராகச் சொல்லியிருந்தார். எங்களுக்குத் தெரியாத பாத்தியா என்று கன்னியப்பன் தன் கூட்டாளிகளோடு மேலே ஏறினார். வரப்பு ஒவ்வொன்றும் நூல் பிடித்த மாதிரி இருந்தது. தண்ணீர் தளும்ப நின்றதைப் போட்டோ எடுத்து இன்ஜினியர் அம்மாவுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

காலையில் அவர் வந்து ஏறிப் பார்த்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. “நீள்ளு ஏவி சார்?” என்று, தண்ணீர் எங்கே என்பதைத் தெலுங்கில் கேட்டார். நான் கீழே எட்டிப் பார்த்தேன். அவர் தேடிய நீள்ளு எங்கள் மணல் குவியலில் பாதியை இழுத்துக்கொண்டு தெருவில் போயிருந்தது. ஜூன் போச்சு, தேவியின் படிப்பும் போச்சு என்றுதான் நினைத்தேன். வரப்புகளைச் சுற்றிவந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் அடுத்த பாத்திக்கு ஒரு மடை, கடைசிப் பாத்தியிலிருந்து வெளியே ஒரு மடை. அத்தனையும் அளவாக, அழகாக. கன்னியப்பன் முகத்தில் தப்பு செய்த களையே இல்லை: “மடை உடாம யாராவது பாத்தி கட்டுவாங்களா சார்? தண்ணி நின்னா வேர் அழுவிடாது?”

கரும்பு

மடைகளை அடைத்தோம், ஆனால் ஊர்த் தொட்டி காலி. இன்ஜினியர் அம்மா வண்டியில் ஏறுவதற்குள் கன்னியப்பன் தன் போர் மோட்டாருக்குக் குழாய் மாட்டிப் பள்ளிக்கூட மாடிக்கு இழுத்துவிட்டார். அந்தத் தண்ணீரை நம்பித்தான் அவருடைய கரும்பு நின்றது. வேண்டாமே என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நிறுத்திவிடுவாரோ என்று உள்ளூர பயம்தான். அவர் நிறுத்தவில்லை. “கரும்பு ரெண்டு வாரம் வாடினா தேறிக்கும் சார். மாடி வாடினா தேறுமா?”

திறந்த நாள்

தளம் வெடிக்கவில்லை; இன்ஜினியர் அம்மா கையெழுத்துப் போட்டார். ஜூனில் சுண்ணாம்பு வாசனையோடு பள்ளி திறந்தது. ஒரு பிள்ளை குறையவில்லை. முன் வரிசையில் தேவி. கல்வி அதிகாரி ஒவ்வொரு அறையாகப் பார்த்தார், தளத்தைத் தட்டிப் பார்த்தார், சந்தோஷப்பட்டார். பிறகு சொன்னார்: “பில்டிங் சால பாகுந்தி, ரொம்ப நன்றாக இருக்கிறது சார். அந்தப் பக்கம் தெலுங்குப் பள்ளியிலும் கூரை ஒழுகுகிறது. அதையும் கட்டி முடிக்கும்வரை அந்தப் பிள்ளைகளும் டீச்சரும் இங்கேயே வரட்டும்.”

எந்த ரோட்டை எங்கள் பிள்ளைகள் தாண்டக் கூடாது என்று ஆறு மாதம் அலைந்தேனோ, அதை இனி அந்தப் பிள்ளைகள் தாண்ட வேண்டும். அப்போதும் என் மனசில் முதலில் வந்த கேள்வி, பெஞ்சு போதுமா என்பதுதான். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அமுலு அப்படி யோசிக்கவில்லை. தறியிலிருந்து நேராக வந்திருந்தார். சேலையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“அதுங்களுக்கும் அதே லாரிதான சார்? காலைல நான் போயி கைபுடிச்சி இட்டுக்கினு வரேன். சாயங்காலம் கன்னியப்ப அண்ணன் உட்டுட்டு வரட்டும்.”

ஒரு பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றினால் கடைசியில் என்ன கிடைக்கும் என்று கேட்கும் சக தலைமையாசிரியர்களே, இன்னொரு பள்ளிக்கூடம் கிடைக்கும்.